ஐந்தொகை சரியாக வந்த உடம்பு

எங்கள் பாப்பா பிறந்ததும் அழுத சத்தத்தைக் கேட்டு, பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பர்மியப் பெண் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாளாம். பூனைக்குட்டி ஏதோ உள்ளே வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அம்மாதான் என்னிடம் சொன்னாள். நான் உள்ளே போனபோதும் பாப்பா அழுதுகொண்டுதான் இருந்தாள். மெலிந்த, நீண்ட, ஏறிக்கொண்டே போகிற ஒரு குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மழையில் நனைந்த பூனைக்குட்டி.

அது 2008 செப்டம்பர், ரங்கூன். 1989-லேயே யாங்கோன் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரங்கூன்தான்.

எடை 2 கிலோ. பர்மா வீசைக் கணக்கில் ஒன்றேகால்கூட வராது. தலை சிறுத்திருந்தது. கண்கள் இரண்டும் விலகியிருந்தன. இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. உள்ளங்கையை விரித்தால் நமக்கெல்லாம் இருக்கிற மாதிரி பிரிந்து ஓடும் ரேகைகள் இல்லை, குறுக்கே ஒரே கோடு. வலது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல், அரிசி நுனி அளவு நகத்தோடு. அந்த விரலைப் பார்த்த அடுத்த நொடியே அம்மா, "ஆறு விரல் அதிர்ஷ்டம்டா, ஒண்ணும் பேசாதே" என்றாள். நான் எதுவும் பேசவே இல்லை. அவள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டாள் என்று புரிய எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

மூன்றாம் நாள் இதயத்தில் ஓட்டை என்றார்கள். பால் குடிக்கத் தெரியவில்லை. உறிஞ்சினால் மூச்சு முட்டியது. அம்மா வீட்டிலிருந்து பழைய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்துவந்தாள். என் மனைவி பீய்ச்சிக் கொடுத்த பாலைச் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் விட்டு, தொண்டை அசைகிறதா என்று பார்த்து, அடுத்த சொட்டு. ஒரு பாலாடை இறங்க முக்கால் மணி நேரம். நாளைக்குப் பத்துத் தடவை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மே 2-ஆம் தேதி ராத்திரி நர்கீஸ் புயல் அடித்தபோது என் மனைவி ஐந்து மாதம். தாம்வேயில் எங்கள் தெருவில் இருந்த மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்தன. டெல்டாப் பக்கம் லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். கரண்டும் தண்ணீரும் வர நாள் கணக்காயிற்று. "அன்னிக்கு பயந்தா பாரு, அது வயித்துப் பிள்ளைக்குப் போயிருச்சு" என்றார் ஒரு பெரியம்மா. ஆகஸ்ட் 1-ஆம் தேதி சூரிய கிரகணம். அன்றைக்கு அவள் காய் நறுக்கினாளா, வெளியே போனாளா என்று விசாரணை நடந்தது. பூனை எதையாவது விரட்டினாளா என்றும் கேட்டார்கள். அதற்கு முன்பு 2006-இல் ஒன்பதாவது வாரத்தில் ஒரு கரு கலைந்திருந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மோல்மினில் இருக்கும் அவள் பிறந்த வீட்டில் என்ன தோஷம் என்று தோண்டினார்கள்.

காரணங்கள் எத்தனை திசையிலிருந்து வந்தாலும் கடைசியில் அவள் தலையில்தான் வந்து விழுந்தன. என்னைப் பார்த்து ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வைத்தியமும் துண்டு துண்டாகத்தான் நடந்தது. இதயத்துக்கு ஒரு டாக்டர். பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட ஒரு டாக்டர். விரலை நூல் கட்டி எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எடை ஏறவில்லை, தாய்க்குப் பால் பற்றாது என்று எழுதிக் கொடுத்தார் இன்னொருவர். ஒவ்வொருவரும் அவரவர் பாகத்தைக் கவனமாகத்தான் பார்த்தார்கள். பாப்பாவை முழுசாக யாரும் பார்க்கவில்லை. ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

2009 பிப்ரவரியில் ஒரு மூத்த குழந்தை வைத்தியரிடம் போனோம். பர்மிய அம்மாள். சயாமா என்று கூப்பிடுவோம், டீச்சரம்மாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் பர்மியத்தில் அதே மரியாதைதான். ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன் அவர் பாப்பாவின் அழுகையைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அவள் முஷ்டியை மெதுவாகப் பிரித்து அந்தக் குறுக்குக் கோட்டின் மேல் தன் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். ஆறாவது விரலைத் தொட்டார். பாதத்தைத் திருப்பினார். இதய டாக்டரின் கடுதாசியைப் படித்தார். எல்லாம் முடித்துவிட்டு எங்களிடம், "இது ஆறு நோய் இல்லை. ஒன்றுதான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.

அவர் பூனை என்ற சொல்லையும் சொன்னார். பர்மியத்தில் பூனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏறக்குறைய ஒரே சொல், குரலை இழுக்கிற விதத்தில்தான் வித்தியாசம். கிராமத்துப் பர்மியம் மட்டும் தெரிந்த அம்மா என் கையைப் பிடித்து, "பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு சொல்றாங்களா?" என்று கேட்டாள். அவள் முகம் அப்போது எவ்வளவு மலர்ந்திருந்தது!

ஒரு குழந்தைக்கு உடம்பின் வெவ்வேறு இடங்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி பல குறைகள் சேர்ந்து வந்தால், அத்தனைக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதில் முதலில் தேட வேண்டிய இடங்களில் ஒன்று குரோமோசோம், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உடம்பின் செய்முறையை எழுதிவைத்திருக்கும் இழைகள். இதயம், விரல், மூளை, தொண்டை எல்லாம் ஒரே செல்லில் இருந்து பிரிந்து வளர்ந்தவை. அந்த முதல் செல்லிலேயே எழுத்து கூடவோ குறையவோ இருந்தால் அந்தப் பிழை எல்லா இடத்துக்கும் நகலாகிப் போகும். கரு தரித்த முதல் நாளே அது முடிவான விஷயம். ஐந்தாம் மாதத்துப் புயலோ எட்டாம் மாதத்துக் கிரகணமோ அதை உண்டாக்கியிருக்க முடியாது.

பாப்பாவின் ரத்தம் பேங்காக்குக்குப் போயிற்று. ஐஸில் உறைய வைக்கக் கூடாது, செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்று ஆய்வகத்துப் பையன் என் எதிரிலேயே குழாயைப் பஞ்சில் சுற்றி வைத்தான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 5-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒரு துண்டு இல்லை. அந்த இடத்தில் 13-ஆம் குரோமோசோமின் வால் துண்டு ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அதனால் அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார் சயாமா. சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்துத்தான் கையை நீட்டினேன்.

இதை எப்படி விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். நான் பேயின்னௌங் மொத்தச் சந்தையில் உளுந்து மண்டியில் கணக்கு எழுதுகிறவன். தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் ஒரு பங்கு பர்மாவிலிருந்து கப்பல் ஏறுவதுதான். என் தாத்தா தொங்குவாவில் ஒரு செட்டியார் பெட்டியடியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய பேரேடுகள் இரண்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் உண்டு. அதனால் எனக்கு எல்லாமே கணக்குப் புத்தகமாகத்தான் தெரியும்.

மனுஷ உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 23 பேரேடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி அப்பா கொடுத்தது, ஒரு படி அம்மா கொடுத்தது. மொத்தம் 46. இப்போது பைண்டு பண்ணுகிறவன் கை தவறி, 5-ஆம் பேரேட்டின் ஒரு படியில் இருந்த கடைசித் தாள்களை 13-ஆம் பேரேட்டின் ஒரு படியிலும், அதன் கடைசித் தாள்களை 5-ஆம் பேரேட்டிலும் மாற்றித் தைத்துவிட்டான். தாள் எதுவும் தொலையவில்லை. எல்லா வரவும் எல்லாச் செலவும் இருக்கின்றன. ஐந்தொகை போட்டால் ஒரு பைசா இடிக்காது. அந்த ஆள் ஆரோக்கியமாக இருப்பான், கல்யாணம் செய்வான், தன் உடம்புக்குள் இப்படி ஒரு தையல் இருப்பதே தெரியாமல் செத்தும் போவான். இதைச் சமநிலை இடமாற்றம் என்கிறார்கள். ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஒரு பெரிய கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்தால் அதில் ஒருவர்.

சங்கடம் பிள்ளை பெறும்போதுதான். விந்தணுவுக்கோ சினைமுட்டைக்கோ ஒவ்வொரு பேரேட்டிலும் ஒரே ஒரு படிதான் போகும். மாற்றித் தைத்த இரண்டும் சேர்ந்து போனால் பிள்ளையும் அப்பனைப் போலவே சுகமாக இருக்கும். சரியாகத் தைத்த இரண்டும் போனால் கேள்வியே இல்லை. மாற்றித் தைத்த 5-ஆம் பேரேடும் சரியான 13-ஆம் பேரேடும் சேர்ந்து போனால்? 5-இல் சில தாள்கள் குறையும், 13-இல் சில தாள்கள் இரட்டிக்கும். பல கரு அந்த நிலையில் தங்காது, கலைந்துவிடும். தங்கிப் பிறந்தால் எங்கள் பாப்பா.

5-ஆம் குரோமோசோமின் நுனி இல்லாத குழந்தைகளின் குரல்வளை வளர்ச்சியில் வேறுபாடு இருப்பதால்தான் அந்தப் பூனைக் குரல். பிரான்சில் ழெரோம் லெழ்யூன் 1963-இல் இதை விவரித்தபோது 'பூனை அழுகை' என்றே பெயர் வைத்துவிட்டார். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தத் துண்டு புதிதாகத்தான் தொலைகிறது, பெற்றோரிடம் ஒன்றும் இருக்காது. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகளுக்குத்தான் பெற்றோரில் ஒருவரின் இடமாற்றத்தால் வருகிறது. ஆறாவது விரல் 13-இன் கூடுதல் துண்டிலிருந்து வந்திருக்கலாம் என்றார் சயாமா.

எங்கள் இருவரின் அறிக்கையும் 2009 ஏப்ரலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊரே மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்தது. நான் தனியாகப் போய் வாங்கினேன். மனைவியுடையது சுத்தமாக இருந்தது. என்னுடையதில் 5-க்கும் 13-க்கும் நடுவே ஒரு அரைப்புள்ளி போட்டு எழுதியிருந்தார்கள்.

அதை மண்டிக்கு எடுத்துப்போய் மேஜை இழுப்பறையில் பூட்டினேன். பிறகு பயம் வந்து வீட்டுக்குக் கொண்டுவந்து தாத்தாவின் பேரேட்டுக்குள் செருகினேன். நான்கு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த நான்கு மாதத்தில் நடந்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத வரும்போது கை தயங்குகிறது. அம்மா யாரோ சொன்னார்கள் என்று மருமகளுக்கு வெள்ளிக்கிழமை விரதம் போட்டாள். பால் கொடுக்கிறவள், காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர். ஒரு வெள்ளி மாலை, பாலாடையில் பால் பீய்ச்சும்போது அவள் கை நடுங்கிப் பாதிப் பால் பாயில் கொட்டிற்று. அவள் அழவில்லை. பாயில் கொட்டிய பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீலிக்கான் அங்காள ஈஸ்வரி கோயிலில் போய் அவள் பெயருக்குத் தோஷம் கழித்தார்கள். ஈரப் புடவையோடு அவள் பிரகாரத்தைச் சுற்றினாள். நான் பாப்பாவை வைத்துக்கொண்டு தூணோரமாக நின்றேன். அந்த அம்மன்மேல் எனக்கு இன்றைக்கும் பக்தி உண்டு. அன்றைக்கு அந்த ஈரப் புடவையைக் கட்டியிருக்க வேண்டியவன், அப்படி ஒருவர் கட்டத்தான் வேண்டுமென்றால், நான். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே நின்றேன்.

ஆகஸ்ட் மழையில் ஒரு நாள் கரண்டு பில்லைத் தேடிப் பரணில் கைவிட்டவளிடம் அந்தத் தாள் அகப்பட்டுவிட்டது. நான் மண்டியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். '46, எக்ஸ்ஒய், டி(5;13)'. விரலை அந்த வரியின்மேல் வைத்தாள்.

"இதுல ஒய் போட்டிருக்கே. ஒய்னா ஆம்பளதானே? அப்ப இது உங்க ரத்தம்தானே?"

ஆமாம் என்றேன்.

"தேதி ஏப்ரல்னு இருக்கே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "சரிங்க, அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.

அன்று ராத்திரியே அம்மாவை உட்கார வைத்து, தாத்தாவின் பேரேட்டை விரித்துச் சொன்னேன். முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. "ஆம்பளைக்கு எப்படிடா வரும்? வயித்துல சுமக்கிறவ அவதானே?" என்றாள். பாதிப் புத்தகம் என்னிடமிருந்து போகிறதம்மா என்றேன். வெகுநேரம் பேரேட்டின் தைத்த நூலைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தன் கையால் மருமகளுக்கு இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். மன்னிப்பு என்று வாயால் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அந்த வருஷம் ராத்திரிகளில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மனிதனுக்குக் குரோமோசோம் 46 என்று சரியாக எண்ணிச் சொன்னதே 1956-இல்தான். அதுவரை 48 என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. எண்ணியவர் ஜோ ஹின் ட்ஜியோ, ஜாவாவில் பிறந்த சீனர், நம் பக்கத்து ஆள். ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து செய்தார். 1959-இல் டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் மூன்று இருப்பது தெரிந்தது. 1960-இல் 18 மூன்று இருப்பதும் 13 மூன்று இருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டன. 18 மூன்றாக இருக்கும் குழந்தை கையை இறுக்க மூடி, விரல் மேல் விரலை ஏற்றிவைத்திருக்கும். 13 மூன்றாக இருந்தால் உதடு பிளந்தும் ஆறாவது விரலோடும் பிறக்கலாம். இந்த இரண்டிலும் பெரும்பாலான குழந்தைகள் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்பதில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்க்கிறார்கள். குரோமோசோம்கள் கண்ணுக்குத் தெரிவது செல் இரண்டாகப் பிரியப் போகும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் பார்த்து ஒரு மருந்தைவிட்டுப் பிரிய விடாமல் நிறுத்துவார்கள். அது கால்ச்சிசீன், அல்லது அதன் குடும்பத்து மருந்து. அந்தக் கால்ச்சிசீன் நம் செங்காந்தளில் இருக்கிறது. கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு என்பார்களே, அதே செடி. தமிழ்நாட்டில் இந்தச் சரக்குக்காகவே அதைப் பயிர் செய்கிறார்கள். பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொல்லும் மொழியில் பிறந்தவன் நான். என் மகளின் விரல் ஏன் ஆறு என்று காட்டியதும் அந்தச் செடியின் சரக்குக்குச் சொந்தமான ஒன்றுதான்.

பிறகு சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கைலித் துணி மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். 20 செல்களையாவது எண்ணிப் பார்ப்பது வழக்கம். சாயம் ஏறுவதால்தான் அந்தப் பெயரே வந்தது. தமிழில் நிறப்புரி என்றும், இலங்கையில் நிறமூர்த்தம் என்றும் எழுதுகிறார்கள். நிறமூர்த்தம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் குடும்பத்தில் இடமாற்றம் இருக்கிறது என்று பயந்துவிடக் கூடாது. குரோமோசோம் கோளாறுகளில் பெரும்பாலானவை யாரிடமிருந்தும் வராதவை. முட்டையோ விந்தோ உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விடுவதால் வருகின்றன. தாயின் வயது ஏற ஏற அந்த வாய்ப்பு ஏறும். டவுன் சின்ட்ரோம் 20 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 1,500 பிரசவத்தில் ஒன்று, 35-இல் 350-க்கு ஒன்று, 40-இல் 100-க்கு ஒன்று. பாப்பா பிறந்தபோது என் மனைவிக்கு 24. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி இப்படிக் குரோமோசோம் கணக்கு இடித்தவைதான். அந்தக் கருக்களுக்காக எத்தனை மருமகள்கள் பப்பாளி தின்றாயா, படி ஏறினாயா என்று கேட்கப்பட்டிருப்பார்கள்!

இன்னொன்றும் நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். எந்தக் குறையோடு குழந்தை பிறந்தாலும் "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டுவதால் கூடுவது வேறு வகை நோய்கள். இரண்டு பக்கமும் ஒரே பழுதுள்ள மரபணு சேர்ந்தால் வருகிறவை. ஒரு ஜோடி பிரியாமல் போவதற்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை. நாங்கள் இருவரும் சொந்தமே இல்லை.

2010-இல் இன்னொரு கரு கலைந்தது. அந்தத் தடவை யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. 2012-இல் மறுபடி நின்றபோது பேங்காக் போனோம். பனிக்குடத் தண்ணீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் சோதனையை 15 வாரம் ஆன பிறகுதான் செய்வார்கள். எங்களுக்கு 16. அவளுடைய இரட்டை வடச் சங்கிலியை விற்றுத்தான் டிக்கெட் எடுத்தது. பர்மாச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருவைக் கலைக்க விடுகிறது. பதில் மோசமாக வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கும் வரவில்லை. விமானத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். "பாப்பாவை வேணாம்னு சொல்ற மாதிரி இருக்குங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பையன். என்னைப் போலவே மாற்றித் தைத்த இரண்டு பேரேடும் சேர்ந்து போயிருந்தன. ஐந்தொகை சரி. இப்போது பந்து விளையாடி முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருகிறான். அவனுடைய தாளும் அதே பேரேட்டுக்குள் இருக்கிறது. அவனுக்குக் கல்யாணப் பேச்சு வரும்வரை பொறுக்கலாம் என்றேன். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு முடிந்த அன்றைக்கே அவன் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்டளை.

என் தங்கைக்கும் பார்த்தோம், அவளிடம் இல்லை.

2017-இல் ஒரு நாள் அம்மா பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஆறாவது விரலை எடுக்கவே இல்லை, அது எதற்கும் இடைஞ்சல் இல்லை என்று சயாமா சொல்லிவிட்டார். அந்த விரலுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள். 1974-இல் தொங்குவாவில் எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்ததாம். மூன்று நாள் இருந்ததாம். "இதே மாதிரிதான்டா கத்திச்சு. பாட்டி பூனைன்னு விளக்கெடுத்துட்டு வந்து பாத்தாங்க. அதுக்கும் இந்தக் கையில ஆறு விரல்." அதற்கு முன்பும் பின்பும் இரண்டு கரு கலைந்திருக்கின்றன. பிள்ளை தின்னி என்று ஊரில் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தண்ணீரை மொண்டு பாப்பாவின் தலையில் ஊற்றிவிட்டு, "அப்ப அதுவும் இதே கணக்குதானா?" என்று கேட்டாள். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அப்பா 1999-இலேயே போய்விட்டார். அம்மாவின் ரத்தத்தைப் பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள்.

"மாமாகிட்ட இருந்து வந்துச்சுன்னா சரி. அத்தைகிட்ட இருந்தே வந்துச்சுன்னா? போன பிள்ளைங்களுக்கெல்லாம் மறுபடி முதல்ல இருந்து அழுவாங்க. யாருக்கு என்ன லாபம்? ஊசி குத்த வேணாங்க."

வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவள் சொன்னது இது. அம்மா 2019-இல் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கணக்கு எழுதப்படாமலேயே இருக்கிறது.

பாப்பா நான்கரை வயதில் நடந்தாள். இதய ஓட்டை சின்னதாக இருந்தது, தானே மூடிக்கொண்டது. பாதம் மாவுக்கட்டிலும் பட்டைச் செருப்பிலும் நேரானது. இரண்டு வயதுக்கு மேல் அந்தப் பூனைக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. குரல்வளை வளர வளர அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருபது முப்பது சொல் பேசுகிறாள், தமிழும் பர்மியமும் கலந்து. பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்கிறாள். சாயங்காலம் தனக்கா மரப்பட்டையை அம்மியில் உரசி அம்மாவின் கன்னத்தில் பூசிவிடுவது அவள் வேலை. பூசும்போது கண்ணில் பட்டுவிடாமல் ஆறாவது விரலைத் தனியாக மடக்கிக்கொள்கிறாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன மாதம் சௌத்தானிலிருந்து ஒரு சித்தப்பா போன் செய்தார். அவர் மருமகளுக்கு மூன்றாவது தடவையும் கலைந்துவிட்டது. பீலிக்கானுக்கு நேர்ந்துகொண்டு கூட்டிப் போகிறார்களாம், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார். கோயிலுக்குப் போங்கள், நல்லது, அப்படியே ரங்கூனுக்கு அனுப்பிக் குரோமோசோம் சோதனையும் செய்யுங்கள் என்றேன். இரண்டு மூன்று தடவை கலைந்த ஜோடிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து ஜோடிக்கு ஒருவரிடம் இந்த இடமாற்றம் இருக்கும். இல்லாமலும் போகலாம், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இப்போது புதிதாக வந்திருக்கும் மைக்ரோஅரே சோதனையைப் பெற்றோருக்குச் செய்தால் போதாது, அது கூடுதல் குறைச்சலைத்தான் காட்டும், இடம் மாறித் தைத்ததைக் காட்டாது, பழைய முறையில் குரோமோசோமைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

"மருமகளுக்குத்தானே தம்பி?"

"ரெண்டு பேருக்கும் சித்தப்பா. உங்க மகனுக்கும்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் போனில் கேட்டது. நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"எவ்வளவு ரத்தம் எடுப்பாங்க?"

"5 மில்லிதான். ஒரு பாலாடைகூட நிறையாது."

"சரி. புதன்கிழமை ரெண்டு பேரையும் அனுப்புறேன். நீ கூடப் போய் நில்லு."